ஷெவ்ரோஸ் பள்ளத்தாக்கில் 48 கிலோமீற்றர்: மூன்று முறை ஓடிப் பார்த்தது

ஏப்ரல் கடைசி ஞாயிறு முதல் ஓட்டம். பரிசிலிருந்து ஆர்.ஈ.ஆர். பி என்ற புறநகர் ரெயினில் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு, தெற்குப் பக்கக் கடைசித் தரிப்பான சான்-ரெமி-லே-ஷெவ்ரோசில் இறங்கினேன். சனி, ஞாயிறில் சைக்கிள் ஏற்றத் தடை இல்லை. வேலை நாட்களில் காலையும் மாலையும் நெரிசல் நேரத்தில் ஏற்ற முடியாது.

பாதை இதுதான். ஷெவ்ரோஸ், தாம்பியேர், சான்லிஸ் வழியாகப் பள்ளத்தாக்கோடு போய், வோ-த-சேர்னே மடத்தைத் தாண்டி மேட்டு நிலத்துக்கு ஏற வேண்டும். அங்கிருந்து தெற்கே காட்டுக்குள்ளால் கிளேர்ஃபோந்தேன். பிறகு லா செல்-லே-போர்த், ஷுவாசெல், திரும்ப ஷெவ்ரோஸ். என் மீற்றர் 48 கிலோமீற்றர் காட்டியது. பெரிய மலை எதுவும் இல்லை, ஆனால் சமதரை என்று நம்பிப் போகவும் முடியாது. மேட்டு நிலம் சுமார் 170 மீற்றர் உயரத்தில் கிடக்கிறது. இவெத் ஆறும் அதன் வாய்க்கால்களும் அதை அறுத்துக்கொண்டு ஓடுவதால், இறங்கினால் கட்டாயம் ஏற வேண்டும்.

முதல் பாதி சொர்க்கம். தாம்பியேரில் கட்டடக் கலைஞர் மான்சார் கட்டிய கோட்டை மாளிகை றோட்டுக் கரையிலேயே நிற்கிறது. சைக்கிளை விட்டு இறங்காமலே பார்க்கலாம். சான்லிஸ் தாண்டினால் இரண்டு பக்கமும் மரம், பக்கத்தில் ஓடைச் சத்தம். மடம் 1118இல் தொடங்கியது. இந்தப் பக்கத்து மணற்பாறையை உடைத்துத்தான் பரிஸ் தெருக்களுக்குக் கல் பதித்தார்கள். பரிசில் தமிழ்க் கடைகள் இருக்கிற லாச்சப்பலுக்குப் போகும்போது என் சில்லை உலுக்குகிற கற்களில் சில இங்கேயிருந்து வந்திருக்கலாம் என்று நினைக்க, அந்தப் பாறைகளை நின்று பார்க்காமல் போக மனம் வரவில்லை.

கிளேர்ஃபோந்தேனில் பிரெஞ்சுக் காற்பந்து அணியின் பயிற்சி நிலையம் இருக்கிறது. 1998இல் உலகக் கிண்ணம் வென்ற அணி தங்கியிருந்த இடம். றோட்டிலிருந்து மரங்கள்தான் தெரியும்.

அதுவரைக்கும் நன்றாகவே உழக்கினேன். லா செல்-லே-போர்த் தாண்டி வெளி நிலத்துக்கு வந்ததும்தான் வடகிழக்குக் காற்று முகத்தில் அடித்தது. வானம் தெளிவு, வெயில் பளிச்சென்று இருந்தது, காற்று மட்டும் குளிர். கோதுமை வயலில் மறைப்பு என்று ஒன்றுமே இல்லை. மணிக்கு 15 கிலோமீற்றருக்கு மேல் போகவில்லை. ஷுவாசெல் வரும்போது தொடை இறுகிவிட்டது. மொத்தம் 2 மணி 35 நிமிடம்.

வேலையிடத்தில் ஒரு அண்ணை இருக்கிறார், இருபது வருடமாக இந்தப் பக்கம் சைக்கிள் ஓடுகிறவர். கதையைச் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “தம்பி, வெளிக்கிட முதல் காத்து எந்தப் பக்கம் எண்டு பாத்தனீரோ?”

நான் பார்க்கவில்லை. வெயிலையும் மழையையும் மட்டும் பார்த்திருந்தேன். அண்ணை ஒரு கடதாசியில் இரண்டு கோடு கீறினார். பள்ளத்தாக்குக் கோட்டில் காற்று அவ்வளவாகப் படாது. மேட்டு நிலக் கோட்டில் முழுவதும் படும். ஆகவே காற்று முதுகில் இருக்கிற திசையில்தான் மேட்டு நிலத்தைக் கடக்க வேண்டும். வடகிழக்குக் காற்றென்றால் ஷுவாசெல் பக்கமாகப் போய்ப் பள்ளத்தாக்கால் திரும்புவது. தென்மேற்கென்றால் அப்படியே மறுபக்கம். இங்கே கூடுதலான நாள் மேற்கு, தென்மேற்குக் காற்றுத்தான். நான் முதல் போன திசை பிழையான திசை இல்லை, அந்த நாளுக்குப் பிழை.

இரண்டாம் ஓட்டம் மே நடுவில். காற்று மறுபடியும் வடகிழக்கு. இந்த முறை ஷெவ்ரோசிலிருந்து நேரே ஷுவாசெல் ஏற்றம். அது குத்தென்று ஏறுகிறது, உடம்பு சூடாக முதலே வந்துவிடுகிறது. பின்சில்லில் பெரிய பல்லுச்சில்லை 28 பல்லிலிருந்து 32 பல்லுக்கு மாற்றியிருந்தேன். அது இல்லையென்றால் எழும்பி நின்று உழக்கியிருப்பேன். மேலே வந்ததும் காற்று முதுகைத் தள்ளியது. கொல்சா என்ற எண்ணெய்ப் பயிர் வயல் முழுவதும் மஞ்சள், முட்டைக்கோவா அவித்ததுபோல ஒரு மணம். மணிக்கு 30 இலகுவாகப் போனது.

சேர்னே கிட்ட ஒரு சின்ன ஊருக்குள் வலப்பக்க ஒழுங்கையிலிருந்து கார் ஒன்று நிற்காமல் வந்தது. நான் பிரேக்கை இறுக்க, பின்சில்லு சறுக்கியது. கோபம் வந்தது, ஆனால் பிழை என்னுடையது. பலகையோ கோடோ இல்லாத சந்தியில் வலப்பக்கம் வருகிறவருக்குத்தான் முன்னுரிமை. பெரிய றோட்டில் போகிறோம் என்பது கணக்கில் இல்லை. கிராமத்துக்குள் நுழைந்தால் விரல் இரண்டும் பிரேக்கில் இருக்க வேண்டும்.

கொஞ்சத் தூரத்தில் பின்ரயர் காற்றுப் போனது. முதல் நாள் மழை பெய்திருந்தது. மழைக்குப் பிறகு வயலோரத் தீக்கல் துண்டுகள் றோட்டுக்கு வந்துவிடும், ஈர ரயரில் இலகுவாக ஒட்டும். புது ரியூப் போட முதல் ரயரின் உள்பக்கத்தை விரலால் மெல்லத் தடவினேன். இரண்டாவது சுற்றில்தான் குத்தியது. அரிசிக் குறுணி அளவு, சாம்பல் நிறம், ஒரு முனை கண்ணாடிபோலக் கூர். அதை எடுக்காமல் ரியூப்பை மாற்றியிருந்தால் அடுத்த கிலோமீற்றரில் திரும்பவும் போயிருக்கும். 25 மில்லிமீற்றர் ரயரைக் கழற்றி 28 போடுவதென்று அங்கேயே முடிவெடுத்தேன்.

ரயர் மாற்றியதில் போத்தல் தண்ணியும் முடிந்தது. மத்தியானம் ஒரு மணி தாண்டிவிட்டது, ஞாயிறு. பாண் கடை பூட்டு. அண்ணை சொல்லித் தந்த வழி: கிராமத்துச் சேமக்காலைக்குப் போ. பூச்சாடிக்கு ஊற்றவென்று வாசலடியில் பைப் இருக்கும். குடிக்கக்கூடாது என்று பலகை போட்டிருக்கிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும். பலகை இல்லை. தொப்பியைக் கழற்றி, சத்தமில்லாமல் போத்தலை நிரப்பிக்கொண்டு வந்தேன். ரயர் மாற்றிய நேரம் சேர்க்காமல் 2 மணி 20.

மூன்றாவது ஜூன் முதல் ஞாயிறு. தென்மேற்குக் காற்று, மெல்லிய மேகம். பழைய திசைக்கே திரும்பினேன்: தாம்பியேர், சான்லிஸ், மடம். பள்ளத்தாக்கில் வேண்டுமென்றே மெதுவாக உழக்கினேன், மூச்சு வாங்காமல் கதைக்கக்கூடிய அளவுக்கு. 28 ரயரில் காற்றழுத்தம் 7 பாரிலிருந்து 5க்குக் குறைத்திருந்தேன். கரடுமுரடான இடங்களில் கைமணிக்கட்டு நோகவில்லை, வேகமும் குறையவில்லை. ஒவ்வொரு அரை மணிக்கும் ஒரு பேரீச்சம்பழம். லா செல்-லே-போர்த் தாண்டி அதே வெளி, அதே கோதுமை, இப்போது இடுப்பளவு உயரம். கதிரெல்லாம் நான் போகிற பக்கமே சாய்ந்து நின்றன. ஏப்ரலில் தலையைக் குனிந்துகொண்டு 15இல் உழக்கிய இடத்தில் நிமிர்ந்திருந்து 32இல் போனேன். கண்ணில் தண்ணி வந்தது, அது காற்றால் இல்லை.

2 மணி 8 நிமிடம். ஷுவாசெலிலிருந்து ஷெவ்ரோசுக்கு இறங்கும்போது மேட்டில் மதலேன் கோட்டை தெரிந்தது. மூன்று முறையில் அன்றுதான் அதை நிமிர்ந்து பார்த்தேன்.

அடுத்தது கிளேர்ஃபோந்தேனிலிருந்து ராம்பூயே வரை நீட்டி, 70 கிலோமீற்றராக்கிப் பார்க்கப் போகிறேன். 2019இல் தூர் த பிரான்ஸ் சைக்கிள் போட்டியின் கடைசி நாள் ஓட்டம் ராம்பூயேயிலிருந்துதான் புறப்பட்டது. நாள் இன்னும் குறிக்கவில்லை. சனிக்கிழமை இரவு காற்றைப் பார்த்துவிட்டுத்தான்.