சூடான மண்ணில் தங்கம் தேடுவது: கெயினைக் குறைக்கப் பழகுங்கள்

மேற்கு ஆஸ்திரேலியாவில் கல்கூர்லி, லெனோரா, லாவர்டன் பக்கமெல்லாம் தரை முழுக்க இரும்புக்கல் சரளை. விக்டோரியாவில் டனோலி, டார்னகுல்லா, இங்கிள்வுட், வெடர்பர்ன் ஊர்களைச் சுற்றி, 'தங்க முக்கோணம்' என்று சொல்லப்படும் பகுதியில் சிவந்த களிமண்ணும் குவார்ட்ஸ் துண்டும் இரும்புக்கல்லும் கலந்து கிடக்கும். இரண்டு இடத்திலும் தங்கக் கட்டிகள் இன்னும் கிடைக்கின்றன. 1980இல் விக்டோரியாவின் கிங்கவரில் ஒருவர் மெட்டல் டிடெக்டர் வைத்துத் தோண்டிய 'ஹேண்ட் ஆஃப் ஃபெயித்' கட்டியின் எடை 27 கிலோவுக்கு மேல். மேல்மண்ணுக்குச் சற்றுக் கீழேதான் கிடந்தது. அதைக் கேட்டுவிட்டு விலை உயர்ந்த டிடெக்டர் வாங்கி வருகிறவருக்கு, முதல் மணி நேரத்தில் காதில் விழுவதெல்லாம் மண்ணின் இரைச்சல். இப்படி இரும்புத் தாது நிறைந்து கருவியைக் கத்த வைக்கும் மண்ணைத்தான் 'சூடான மண்' என்கிறோம். உடனே எல்லோரும் செய்வது கெயினை, அதாவது வரும் சிக்னலைப் பெருக்கும் அளவை, கூட்டுவது. கருவி எட்டும் ஆழம் குறைந்துபோவது அங்கேதான்.

ஏன் என்று புரிய, மண்ணுக்குள் நடப்பதைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

மண்ணில் தொல்லை தரும் இரும்புத் தாதுக்கள் முக்கியமாக இரண்டு. ஒன்று மேக்னடைட், அதாவது சாதாரணக் கருமணல். இன்னொன்று மேகமைட். காட்டுத்தீயின் சூடும் மண்ணில் உள்ள இலைதழையும் சேர்ந்து மேல்மண்ணின் கோதைட்டை (துருப்போன்ற இரும்புத் தாது) மேகமைட்டாக மாற்றுவது ஆஸ்திரேலியாவில் சகஜம். அதனால்தான் சில மேடுகளில் மேல் சில அங்குலம் மட்டும் காட்டுக்கத்தல் கத்தும், கீழே போகப்போக அடங்கும். தோண்டும்போது இது நினைவில் இருந்தால் பல வெற்றுக் குழிகளைத் தோண்டாமல் தப்பலாம்.

விஎல்எஃப் (மிகக் குறைந்த அதிர்வெண்) வகை டிடெக்டர் அலையை அனுப்பிக்கொண்டே கேட்கவும் செய்கிறது. மண்ணின் எதிரொலி தங்கத்தினுடையதைவிடப் பல மடங்கு பெரிதாக வந்து அதை மூழ்கடித்துவிடும். பல்ஸ் இண்டக்‌ஷன், சுருக்கமாக பிஐ, ஒரு துடிப்பை அனுப்பி, அதை நிறுத்திய பிறகு சில மைக்ரோ விநாடிகள் கழித்துத்தான் கேட்கிறது. மேக்னடைட்டின் எதிரொலி துடிப்பு நின்றதுமே பெரும்பாலும் போய்விடும். மேகமைட்டின் மிக நுண்ணிய துகள்கள் அப்படியல்ல, மெதுவாகத்தான் அடங்கும். கணக்கு எளிது: நேரம் இரட்டிப்பானால் அந்த எதிரொலி ஏறக்குறைய பாதியாகும். தங்கத்தின் எதிரொலிக்குக் கணக்கு வேறு. சிறு துணுக்கினுடையது சில மைக்ரோ விநாடிகளில் செத்துவிடும், பெரிய கட்டியினுடையது நீண்டு நிற்கும்.

கிரவுண்ட் பேலன்ஸ் என்பது இந்த வித்தியாசத்தை வைத்து ஆடும் கழித்தல் கணக்கு. டிடெக்டர் சீக்கிரம் ஒரு அளவும் தாமதமாக ஒரு அளவும் எடுத்து, மண்ணின் பங்கு சமமாகும்படி பெருக்கி, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்கிறது. மண் பூஜ்யமாகிறது. மண்ணைவிட வேகமாக அடங்கும் சிறு தங்கம் ஒரு பக்கம் மிஞ்சும், மெதுவாக அடங்கும் பெரிய கட்டி மறுபக்கம் மிஞ்சும். ஆஸ்திரேலிய நிறுவனமான மைன்லேப்பின் பிஐ கருவிகளில் பொதுவாகச் சிறியது உயர்ந்து தாழும் ஒலியாகவும், பெரியது தாழ்ந்து உயரும் ஒலியாகவும் கேட்பது இதனால்தான். ஆனால் மண்ணின் வேகத்திலேயே அடங்கும் நடுத்தர அளவுத் தங்கமும் மண்ணோடு சேர்ந்து கழிந்துபோகும். எந்த அளவுத் தங்கம் அப்படிக் கழிந்துபோகும் என்பது டைமிங், அதாவது துடிப்பும் கேட்கும் நேரமும், எப்படி அமைந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. 'ஒருமுறை தேடிய இடத்தில் டைமிங்கை மாற்றி மறுபடி தேடு' என்று பழைய ஆட்கள் சொல்வது மூடநம்பிக்கை இல்லை.

அடிலெய்டின் மைன்லேப், தன் விஞ்ஞானி புரூஸ் கேண்டியின் பல துடிப்பு முறையை வைத்து 1995இல் எஸ்டி 2000ஐக் கொண்டுவந்ததும், விஎல்எஃப் காலத்தில் கைவிட்ட சூடான மேடுகளையெல்லாம் மறுபடி தேடினார்கள். 2010இல் வந்த ஜிபிஎக்ஸ் 5000 இன்றும் பலர் கையில் இருக்கிறது. 2015இல் ஜிபிஇசட் 7000, 2021இல் ஜிபிஎக்ஸ் 6000. பழைய கருவியில் விசைகள் அதிகம், கற்றுக்கொள்ள ஏற்றது. அதனால் கீழே சொல்வது பெரும்பாலும் 5000ஐ மனதில் வைத்து.

டைமிங்கும் காயிலும்

நார்மல் டைமிங் அடங்கிய மண்ணுக்கு. அங்கே அதன் ஆழத்துக்கு ஈடு குறைவு. சூடான, அடிக்கு அடி மாறுகிற மண்ணில் மோனோ காயில் (அனுப்பவும் கேட்கவும் ஒரே சுருள்) போட்டுத் தேட என்ஹான்ஸ். சூடான கற்கள் நிறைந்த இடத்தில் சிறு தங்கம்தான் குறி என்றால் ஃபைன் கோல்டு. காயின்/ரெலிக் மிக மென்மையான மண்ணுக்கு மட்டும். இரும்புக்கல் மேட்டில் அதைப் போட்டால் அலறல்தான். சால்ட் டைமிங் உப்பு ஏரி ஓரங்களுக்கு. அது சிறு தங்கத்தைக் காவு கொடுத்துத்தான் உப்பை அடக்குகிறது. மழை பெய்த மறுநாள் உப்புத் தரைக்குப் போகாதீர்கள். ஈரத்தில் உப்பு மின்சாரம் கடத்தும்; இரும்புக்காகச் செய்யும் பேலன்ஸ் அதற்கு உதவாது. காய விடுங்கள்.

காயிலில் பெரிது எப்போதும் ஆழம் என்பது பாதி உண்மை. பெரிய காயில் அதிக மண்ணையும் சேர்த்துப் பார்க்கிறது. அடங்கிய மண்ணில் 18 அங்குல மோனோ அருமை. கொதிக்கும் மண்ணில் அதே காயில் 11 அங்குலத்தைவிடக் குறைந்த ஆழமே தரலாம். 11 அங்குல வட்டம் அல்லது 14க்கு 9 போன்ற நீள்வட்ட மோனோவோடு தொடங்குவது நல்லது. அதிலும் இரைச்சல் அடங்கவில்லை என்றால் டபுள் டி காயிலுக்கு (அனுப்ப ஒன்று, கேட்க ஒன்று என்று D வடிவில் இரண்டு சுருள்) மாறுங்கள். ஆழம் கொஞ்சம் போகும், ஆனால் மண் அமைதியாகும். மோனோவில் பாதி கேட்டு, பாதி கேட்காமல் நடப்பதைவிட இது மேல். டபுள் டியோடு வரும் இரும்பு ஒதுக்கும் வசதியை மட்டும் நம்ப வேண்டாம். ஆழத்தில் அது பேசாது. சூடான மண்ணில் பேசுவதும் பொய். சந்தேகம் என்றால் தோண்டிப் பார்ப்பதுதான் வழி.

அமைக்கும் வரிசை

வரிசை மாறினால் எல்லாம் கெடும். முதலில் உடம்பிலுள்ள இரும்பு: இரும்பு முனை பூட்ஸ், பெல்ட் பக்கிள், சாவிக்கொத்து வேண்டாம். செல்போனை ஃப்ளைட் மோடில் போடுங்கள். கொத்துக்கருவி முதுகுப் பக்கம். காயில் கேபிள் தண்டில் தளராமல் சுற்றி இறுகக் கட்டியிருக்க வேண்டும். ஆடும் கேபிள் நல்ல தங்கம் போலவே கத்தும். காயிலின் அடிமூடியைக் கழற்றித் துடைத்து மாட்டுங்கள். மூடிக்கும் காயிலுக்கும் நடுவே சேரும் இரும்புத்தூள் நாள் முழுக்கப் பொய் சொல்லும், யாரும் அதைச் சந்தேகிக்க மாட்டார்கள்.

பிறகு ஆட்டோ ட்யூன், அதாவது சுற்றுப்புற மின் இரைச்சலைத் தவிர்க்கும் வசதி. காயிலைத் தரையிலிருந்து எடுத்து அசையாமல் பிடித்துக்கொண்டு, அது முடியும்வரை பொறுங்கள். மின்கம்பி, மின்வேலி, தூரத்து இடி, பக்கத்தில் இன்னொரு டிடெக்டர் எல்லாம் இங்கே கணக்கு. கூட வந்தவர் அருகில் நின்றால் இருவருக்கும் நஷ்டம்; நல்ல இடைவெளி விட்டுப் பிரிந்து தேடுங்கள்.

த்ரெஷோல்டு அடுத்தது. கொசு பறப்பது போன்ற மெல்லிய, சீரான முனகல் எப்போதும் இருக்க வேண்டும். ஆழத்திலுள்ள தங்கம் பெரும்பாலும் ஒலியாக வராது, இந்த முனகலில் ஒரு சின்ன நெளிவாகத்தான் வரும். முனகல் ஏற்கெனவே கரடுமுரடாக இருந்தால் அந்த நெளிவைக் காது எப்படிப் பிரிக்கும்?

இப்போது கிரவுண்ட் பேலன்ஸ். உலோகம் இல்லாத ஒரு இடத்தைத் தேர்ந்து, குவிக் ட்ராக் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு, காயிலைத் தரைக்கு ஒரு முழத்திலிருந்து ஒரு விரல் உயரம்வரை ஏற்றி இறக்குங்கள். தரைக்குக் கிடையாகவே இறங்க வேண்டும், சாயக்கூடாது. முனகல் ஏற்ற இறக்கத்தில் மாறாமல் நின்றதும் பொத்தானை விடுங்கள். தரைக்கு மிக அருகே வரும்போது மட்டும் கத்தி, கொஞ்சம் மேலே அடங்குகிறதென்றால் அது பேலன்ஸ் கோளாறல்ல, மண்ணின் காந்தத்தன்மை காயிலை அமுக்குகிறது. அங்கே காயிலைத் தரையில் உரசாமல் இரண்டு மூன்று சென்டிமீட்டர் தூக்கி, அதே உயரத்தில் நடத்துங்கள். இழக்கிற சென்டிமீட்டரைவிட அமைதியில் கிடைப்பது அதிகம்.

கெயின் கடைசியில்தான். நடுவிலிருந்து தொடங்கி, வீசிக்கொண்டே ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். முனகல் உடையத் தொடங்கியதும் இரண்டு படி இறக்கி அங்கேயே விட்டுவிடுங்கள். மண் மாறினால் மறுபடி இதே வேலை. ஒரே சரிவில் மேட்டுக்கு ஒன்று, பள்ளத்துக்கு ஒன்று என்று இரண்டு அளவு தேவைப்படலாம்.

இந்த அளவு சரிதானா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. அரை கிராம் ஈயக்குண்டு ஒன்றைக் குழி தோண்டிப் புதைத்துப் பார்ப்பது பலர் செய்வது. அது ஏமாற்றும், கிளறிய மண் கிளறாத மண்போல நடக்காது. பக்கத்தில் ஒரு பள்ளம் வெட்டி, அதன் ஓரத்திலிருந்து சாய்வாக ஒரு பிவிசி குழாயைச் செலுத்தி, அதன் வழியே குச்சி முனையில் குண்டைத் தள்ளி, மேலே கிளறாத மண் இருக்கும்படி சோதியுங்கள். கெயின் 14இல் கேட்காத குண்டு 9இல் கேட்கும் அதிசயத்தை அங்கேதான் பார்க்கலாம்.

வீச்சு

ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போக மூன்று நான்கு விநாடி. மோனோவின் புலம் கீழே போகப்போகக் கூம்பாகக் குறுகும், அதனால் ஒவ்வொரு வீச்சும் முந்தையதில் பாதியை மிதித்துப் போக வேண்டும். வீச்சின் இரண்டு முனையிலும் கை தானாக மேலே தூக்கும். சூடான மண்ணில் அந்த உயர மாற்றமே ஒரு சிக்னல். முனையில் மட்டும் ஒலி வந்தால் முதலில் உங்கள் கையைச் சந்தேகியுங்கள்.

ட்ராக்கிங், அதாவது கருவி தானே பேலன்ஸைத் திருத்திக்கொண்டே வரும் நிலை, வைத்து நடப்பது மாறும் மண்ணில் வசதி. ஆனால் ஒரு மங்கலான ஒலி மேல் மறுபடி மறுபடி வீசினால் கருவி அதையும் மண் என்று நினைத்துக் கழித்துவிடும். ஒலி கேட்டதும் பேலன்ஸ் தானாக மாறாத ஃபிக்ஸ்டு நிலைக்கு மாற்றி, தள்ளிப் போய் சுத்தமான இடத்தில் பேலன்ஸ் செய்து திரும்புங்கள்.

இனி அது தங்கமா, மண்ணா, சூடான கல்லா? தொண்ணூறு பாகை திரும்பி நின்று வீசுங்கள். இரண்டு திசையிலும் அதே இடத்தில், அதே அகலத்தில் வந்தால் பொருள் இருக்கிறது. ஒரு திசையில் மட்டும் அகலமாக இழுத்தால் பெரும்பாலும் மண். அடுத்து பூட்ஸால் மேல் இரண்டு மூன்று அங்குலத்தைச் சுரண்டித் தள்ளிவிட்டு மறுபடி வீசுங்கள். ஒலி கூர்மையானால் தோண்டலாம். மங்கினால் மேகமைட் தோல்தான் போயிருக்கிறது. ஒலி தள்ளிய மண்ணுக்குப் போயிருந்தால் அங்கே ஒரு சூடான கல்லோ, ஈயக்குண்டோ, அதிர்ஷ்டம் இருந்தால் வேறொன்றோ இருக்கும். சூடான கல் கிடைத்தால் தூக்கி எறிய வேண்டாம். ஒன்றிரண்டை எடுத்து வைத்துக்கொண்டு, எந்த டைமிங்கில் அது வாயை மூடுகிறது என்று பாருங்கள். அந்தச் சரிவு முழுக்க அதே சாதிக் கல்தான் இருக்கும்.

தோண்டுவது

ஆழம் பற்றி ஒரு தோராயக் கணக்கு மனதில் இருக்கட்டும். நல்ல அமைப்பில் 0.1 கிராம் துணுக்கு சில விரற்கடை, ஒரு கிராம் கட்டி ஒரு சாண் அளவு, ஒரு அவுன்ஸ், அதாவது 31 கிராம், ஒரு முழம். கட்டியின் வடிவமும் மண்ணும் இதை முன்னும் பின்னும் இழுக்கும். குவார்ட்ஸுக்குள் சல்லடைபோல ஓடும் தங்கம் எடைக்கு ஏற்ற ஒலி தராது.

குழியை அகலமாகத் தொடங்குங்கள். ஆழமான ஒலிக்கு ஒடுங்கிய குழி போட்டால் கொத்துமுனை கட்டியையே வெட்டும். தழும்பு பட்ட கட்டிக்கு விலை குறையும். கொத்தின் தலையில் ஒட்டிய காந்தம் ஆணியையும் கம்பித் துண்டையும் பிடித்துவிடும். ஈயம் ஒட்டாது, தங்கமும் ஒட்டாது. ஒலி குழியை விட்டு வெளியே வந்ததும் மண்ணை பிளாஸ்டிக் கரண்டியில் அள்ளி, காயில் மேல் காட்டி, பாதியைக் கொட்டி மீதியைக் காட்டி, இப்படிப் பாதி பாதியாகக் குறையுங்கள். எடுத்தபின் குழியிலும் சுவரிலும் இன்னொரு வீச்சு கட்டாயம். கட்டிகள் தனியாகக் கிடப்பது குறைவு.

அனுமதி விஷயம்: விக்டோரியாவிலும் மேற்கு ஆஸ்திரேலியாவிலும் 'மைனர்ஸ் ரைட்' என்ற அனுமதிச்சீட்டு வேண்டும். விக்டோரியாவில் அது பத்து ஆண்டு செல்லும். கைக்கருவி மட்டும், தோண்டிய குழியை மூட வேண்டும், தேசியப் பூங்காக்களில் குறிப்பிட்ட சில பகுதிகள் தவிர அனுமதியில்லை. மேற்கில் பிறர் பெயரில் உள்ள சுரங்கக் குத்தகையில் அவர் எழுத்து மூலம் ஒப்புக்கொண்டால்தான் கால் வைக்கலாம். ஆய்வு உரிமப் பகுதிக்குத் தனி அனுமதி. எந்த நிலம் யார் பெயரில் என்பதை விக்டோரியாவில் ஜியோவிக், மேற்கில் டெங்கிராஃப் வரைபடங்கள் காட்டும். இதைப் படித்துவிட்டு கோலாருக்கு டிடெக்டர் தூக்கிப் போகலாமா என்று நினைப்பவர்களுக்கு: இந்தியாவில் மைனர்ஸ் ரைட் போன்ற ஒன்று கிடையாது. கோலாரில் இருந்ததும் பாறைக்குள் ஆழத்தில் ஓடிய தங்க நரம்பு. எந்தக் காயிலுக்கும் அது எட்டாது.