சாம்பலுக்கு ஒரு வீடு

பிப்ரவரி 2, ஞாயிறு

காப்பகத்துக்கு இன்று ஒரு புதிய பூனை வந்தது. பெட்டை, சாம்பல் நிறம், எட்டு வயதாவது இருக்கும். வளர்த்தவர் இறந்துபோனதால் உறவினர்கள் கொண்டுவந்து ஒப்படைத்தார்கள். படிவத்தில் 'சுபாவம்' என்ற இடத்தில் 'முரட்டுப் பூனை, சீறும்' என்று எழுதியிருந்தது. அந்த வரியை அடித்துவிடும்படி பொறுப்பாளர் அக்காவிடம் கேட்டேன். வளர்த்த மனிதர், பழகிய வீடு, தன் கன்னத்தைத் தேய்த்துத் தேய்த்து மணம் படியவைத்த வாசற்படி எல்லாம் ஒரே நாளில் பறிபோயின. இங்கே எந்தப் பொருளிலும் அவள் மணம் இல்லை; பக்கத்துக் கூண்டுகளிலிருந்து அந்நியப் பூனைகளின் மணம்தான் வருகிறது. இந்த நிலையில் சீறுவது சுபாவம் ஆகாது, அது பயம்.

அட்டைப்பெட்டி ஒன்றைப் பக்கவாட்டில் படுக்கவைத்துக் கூண்டுக்குள் வைத்தேன். உடனே உள்ளே போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். ஒளிந்துகொள்ளப் பெட்டி கிடைத்த காப்பகப் பூனைகளுக்கு முதல் சில நாட்களிலேயே பதற்றம் தணிந்ததை 2014-இல் நெதர்லாந்தில் ஆய்வு செய்து காட்டியிருக்கிறார்கள். பார்வையாளர்களுக்குப் பூனை தெரியவில்லை என்று சில தன்னார்வலர்கள் பெட்டியை எடுத்துவிடுகிறார்கள். எனக்கு இதில் சமாதானமே கிடையாது. 'பெட்டியை எடுக்காதீர்கள்' என்று கூண்டில் எழுதி ஒட்டியிருக்கிறேன். பெயர்ப் பலகையில் 'சாம்பல்'.

பிப்ரவரி 4, செவ்வாய்

சாம்பல் இன்னும் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. பூனை தொடர்ந்து சில நாள் பட்டினி கிடந்தால் உடம்பின் கொழுப்பு ஈரலில் போய்த் தேங்கிவிடும், பிறகு காப்பாற்றுவது கடினம். கொழுத்த பூனைக்கு ஆபத்து இன்னும் அதிகம். சாம்பல் நல்ல பருமன். டாக்டர் பரிசோதித்துவிட்டுக் காது மடலின் உட்புறம் தடவும் பசியூட்டும் களிம்பு கொடுத்தார். கடைவாய்ப் பற்கள் இரண்டு கெட்டுப்போயிருக்கின்றன, உடம்பு தேறியதும் பிடுங்க வேண்டும் என்றார்.

பூனைக்கு மூக்குதான் முதலில் சாப்பிடுகிறது. ஈர உணவை உடல் வெதுவெதுப்புக்குச் சூடாக்கி, பெட்டியின் வாசலில் வைத்துவிட்டு, கூண்டின் முன்பக்கம் பாதியைத் துணியால் மூடினேன். விளக்கை அணைத்த பிறகு நக்கும் சத்தம் கேட்டதாக இரவுப் பணியில் இருந்த தம்பி சொன்னான். அவனுக்குக் கோடி நன்றி.

பிப்ரவரி 5, புதன்

கண் திறக்காத குட்டிகள் நான்கு. புதரடியில் கிடந்தன என்று ஒருவர் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். நல்ல மனத்தோடுதான் எடுத்து வந்திருக்கிறார். ஆனால் தாய் இரை தேடப் போயிருக்கலாம். குட்டிகள் கதகதப்பாக, அழாமல் கிடந்தால் தொடாமல் தூர நின்று சில மணி நேரம் பார்ப்பதே நல்லது. எந்தப் புட்டிப் பாலும் தாய்க்கு ஈடாகாது. அந்த இடத்துக்குத் திரும்பிப் போய்த் தேடினோம், தாயைக் காணவில்லை. குட்டிகளை என் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

முதல் வேலை சூடேற்றுவது. குளிர்ந்துபோன குட்டிக்குப் பால் செரிக்காது. ஊட்டினால் செத்தே போகலாம். வெந்நீர்ப் புட்டியைத் துணியில் சுற்றி அணைத்து வைத்து, உடம்பு கதகதப்பானதும்தான் புட்டியைத் தொட்டேன். பூனைக்குட்டிக்கென்று விற்கும் பால்மாவுதான், மாட்டுப் பால் வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும். தாயிடம் குடிப்பதைப்போலக் குப்புறப் படுக்கவைத்து ஊட்ட வேண்டும். மல்லாத்தினால் பால் நுரையீரலுக்குள் போய்விடும். ஊட்டிய பின் ஈரப் பஞ்சால் அடிவயிற்றைத் துடைத்துவிட்டால்தான் சிறுநீர் கழியும், தாய் நாக்கால் செய்யும் வேலை அது. இரண்டு மூன்று மணிக்கு ஒரு முறை, இரவிலும். தினமும் எடை: நாளுக்குப் பத்து கிராமுக்குக் குறையாமல் ஏற வேண்டும்.

பிப்ரவரி 9, ஞாயிறு

கடைசிக் குட்டியின் எடை ஏறவே இல்லை. நேற்று இறங்கியது. இன்று விடியற்காலையில் என் உள்ளங்கையிலேயே போய்விட்டது. மற்ற மூன்றும் கண் திறக்கின்றன.

மதியம் அம்மா குட்டிகளைப் பார்த்துக்கொண்டதால் காப்பகத்துக்குப் போக முடிந்தது. சாம்பலின் கூண்டருகே முதுகைக் காட்டி உட்கார்ந்து கையிலிருந்த செய்தித்தாளைத் தணிந்த குரலில் வாசித்தேன். நேருக்கு நேர் உற்றுப் பார்ப்பது பூனைக்கு மிரட்டல். கண்களைச் சுருக்கி மெதுவாக இமைத்தால் பூனையும் அப்படியே இமைப்பதையும், அவ்வாறு இமைக்கும் புது மனிதரை நாடி வருவதையும் 2020-இல் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தார் ஆய்ந்து சொன்னார்கள். திரும்பி ஒரு முறை அப்படி இமைத்தேன். சாம்பல் என்னைப் பார்த்தாள். மெல்லக் கண்ணை மூடித் திறந்தாள்! இன்று இது போதும்.

பிப்ரவரி 16, ஞாயிறு

காப்பகத்தின் குட்டிகள் அறையில் பான்லுகோபீனியா. நேற்று இரண்டு குட்டிகள் வாந்தி எடுத்தன, இன்று காலை இரண்டும் இல்லை. பார்வோ குடும்பத்து வைரஸ் இது. வெள்ளை அணுக்களை அழிக்கும், குடலின் உட்சுவரை அழிக்கும். தடுப்பூசி போடாத குட்டிகளில் பெரும்பாலானவை பிழைப்பதில்லை. துணி, செருப்பு, தட்டு, கைவிரல் எதில் ஒட்டினாலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். கைகளில் தடவும் ஆல்கஹால் திரவத்துக்கெல்லாம் அசையாது. பிளீச்சுக்குத்தான் அடங்கும், அதுவும் அழுக்கின் மேல் ஊற்றினால் பயனில்லை. சோப்பால் தேய்த்துக் கழுவி, பிறகு ஒரு பங்கு பிளீச்சுக்கு முப்பத்திரண்டு பங்கு தண்ணீர் கலந்து, பத்து நிமிடம் ஈரமாகவே விட வேண்டும்.

புதிய சேர்க்கையும் தத்துக் கொடுப்பதும் பதினான்கு நாட்களுக்கு நிறுத்தம். வீட்டில் தடுப்பூசி வயது வராத குட்டிகள் இருப்பதால் நான் அங்கே கால் வைக்கவே கூடாது. சரியான விதிதான். ஆனாலும் கழுவித் துடைக்க ஆள் போதாமல் அவர்கள் திண்டாடும்போது வீட்டில் இருப்பது நெஞ்சை அறுக்கிறது. உள்ளே வரும் பூனைக்கு அந்த நிமிடமே ஊசி போட வேண்டும், நாளை போடலாம் என்ற பேச்சே கூடாது என்று நாங்கள் ஓயாமல் சொல்வது இதற்காகத்தான். சாம்பலுக்கு வந்த அன்றே போட்டாயிற்று.

பிப்ரவரி 23, ஞாயிறு

காப்பகத்தில் இன்னொரு குட்டியும் போய்விட்டது. அங்கே மூன்று பிழைத்துக்கொண்டன. சாம்பலுக்குப் பல் பிடுங்கியாயிற்று, நன்றாகச் சாப்பிடுகிறாள் என்று அக்கா செய்தி அனுப்பினார்.

மார்ச் 8, சனி

காப்பகம் மீண்டும் திறந்துவிட்டது. இரண்டு சிறு பிள்ளைகளோடு ஒரு குடும்பம் வந்தது. பிள்ளைகளுக்குச் சாம்பலின் பச்சைக் கண்கள் மிகவும் பிடித்துவிட்டன. அவர்களிடம் எல்லாவற்றையும் சொன்னேன்: இவள் வாரக்கணக்கில் கட்டிலுக்கடியில் இருப்பாள், தூக்கினால் பிடிக்காது, ஓடியாடும் சத்தத்துக்கு மிரள்வாள், வயது எட்டுக்கு மேல். கடைசியில் துடுக்கான ஒரு வயதுச் செவலைக் கடுவனை எடுத்துச் சென்றார்கள். அவன் போகும்போதே அந்தச் சின்னப் பெண்ணின் சட்டைப் பொத்தானைக் கடித்துக்கொண்டிருந்தான். அந்த வீட்டுக்கு ஏற்ற பிள்ளை.

"வயசான பூனையை யார் கேட்பார்கள்? வந்த வாய்ப்பைக் கெடுத்துவிட்டீர்களே" என்று உடன் வேலை செய்யும் தம்பி வருத்தப்பட்டான். அவன் கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் திருப்பிக் கொண்டுவந்து விடப்படும் பூனைகளை நான் பார்த்திருக்கிறேன். இரண்டாம் முறை கூண்டுக்குள் வரும்போது அவற்றின் கண்ணில் இருப்பதை வார்த்தையில் எழுத எனக்குத் தெரியவில்லை. இருப்பதை மறைத்துக் கொடுக்கும் தத்து, கூண்டு காலியானதற்கான கணக்கு மட்டுமே. பூனையின் குறையை முதலிலேயே கேட்டும் வேண்டும் என்கிறவரிடம்தான் நான் கொடுப்பேன்.

மார்ச் 15, சனி

தனியாக வாழும் பெரியவர் ஒருவர் வந்தார். "அமைதியான பூனை இருக்கிறதா அம்மா? மடியில் உட்கார வேண்டாம், வீட்டில் இருந்தால் போதும்" என்றார். நான் சாம்பலின் கதையைச் சொல்லச் சொல்ல, அவர் கூண்டுக்குச் சற்றுத் தள்ளி நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நெடுநேரம் கையைக்கூட நீட்டவில்லை. அந்தப் பொறுமையைப் பார்த்ததுமே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

இருந்தாலும் கேட்க வேண்டியதைக் கேட்டேன். "ஐயா, உங்களுக்கு உடம்பு முடியாமல் போனால் இவளை யார் பார்த்துக்கொள்வார்கள்?" கேட்கச் சங்கடமான கேள்விதான், ஆனால் இவள் வீடிழந்ததே அப்படித்தானே. அவர் கோபப்படவில்லை. மகளுக்குத் தொலைபேசினார். மாலையில் மகள் நேரில் வந்து படிவத்தில் தானும் கையெழுத்திட்டார். ஜன்னல்களுக்கு வலை அடிக்கவும், வீட்டிலிருந்த லில்லிச் செடியை அகற்றவும் ஒப்புக்கொண்டார்கள். லில்லியின் மகரந்தம் பட்ட உடம்பை நக்கினாலே பூனையின் சிறுநீரகம் கெட்டுவிடும். பாரசிட்டமால் ஒரு துண்டுகூடக் கொடுக்கக் கூடாது என்பதையும் எழுதிக் கொடுத்தேன்.

மார்ச் 22, சனி

வலை அடித்த படத்தை மகள் அனுப்பினார். சாம்பலை நானே கொண்டுபோய் விட்டேன், அவள் அட்டைப்பெட்டியோடும், மணம் மாறாதிருக்கத் துவைக்காமல் வைத்திருந்த விரிப்போடும். முதலில் ஒரே ஓர் அறை. உணவு ஒரு மூலை, மணல் பெட்டி எதிர் மூலை. தானாக வரும்வரை இழுக்க வேண்டாம் என்றேன். "எனக்கு அவசரம் எதுவும் இல்லையம்மா" என்றார் ஐயா.

மார்ச் 29, சனி

ஐயா அழைத்தார். பகலில் பீரோவுக்குப் பின்னால்தான் இருக்கிறாளாம். இரவில் தட்டு காலியாகிறது, மணல் பெட்டியைச் சரியாகப் பயன்படுத்துகிறாள். இதுவே நல்ல செய்தி என்று சொன்னேன். மூன்று மாதம்கூட ஆகலாம் என்பதை மறுபடியும் நினைவுபடுத்தினேன்.

என் மூன்று குட்டிகளும் ஏறக்குறைய ஒரு கிலோவைத் தொட்டுவிட்டன. இரண்டாம் தடுப்பூசி போட்டாயிற்று, அடுத்த வாரம் கருத்தடை அறுவை. நான்கு மாதத்திலேயே பெட்டை சினைப்பட்டுவிடும் என்பதால், கருத்தடை செய்யாத குட்டி இங்கிருந்து எந்த வீட்டுக்கும் போகாது. குட்டிகளைக் கேட்டு இரண்டு விண்ணப்பங்கள் வந்திருக்கின்றன. ஒருவர் பகல் முழுவதும் வேலைக்குப் போகிறவர், ஒற்றைக் குட்டி போதும் என்று எழுதியிருக்கிறார். தனியாக விட்டால் அது ஏங்கிப்போகும். சேர்த்து இரண்டாக எடுத்துக்கொள்ள முடியுமா என்று நாளை காலை அவரை அழைத்துக் கேட்க வேண்டும்.