கமிஷன் கடைச் சிட்டையும் ஓஆர்எம்மும்

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடைக்குக் கணக்கு மென்பொருள் எழுத உட்கார்ந்தால், முதல் கேள்வியே விலையை எந்த டேபிளில் வைப்பது என்பதுதான். விடியற்காலையில் கிலோ 740 ரூபாய்க்குப் போன மல்லி, வரத்து கூடினால் ஒன்பது மணிக்கு 500க்கு இறங்கிவிடும். புரோகிராம் எழுதுபவரின் கை தானாகப் போகும் இடம் ‘பூ’ என்ற கிளாஸ். பெயர், விலை இரண்டையும் அதிலேயே போட்டுவிடுவார். சிட்டையின் ஒவ்வொரு வரியும் அந்தப் பூவைச் சுட்டும். பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கும். ஆனால் ஒன்பது மணிக்கு விலையை மாற்றியதும், உசிலம்பட்டியிலிருந்து வந்தவருக்கு விடியற்காலையில் போட்ட சிட்டையும் 500 ரூபாய்க் கணக்காகிவிடும். விற்ற நேரத்து விலை சிட்டை வரியிலேயே தனி ஃபீல்டாக இருக்க வேண்டும். எடை, தொகை, கமிஷன் ஆகியவையும் அப்படியே.

ஓஆர்எம் என்பது புரோகிராமின் ஆப்ஜெக்டுகளை டேட்டாபேஸ் டேபிள்களோடு இணைக்கும் கருவி. ஜாவாவின் ஹைபர்னேட், பைத்தானின் ஜாங்கோ, எஸ்க்யூஎல்அல்கெமி எதுவானாலும் இந்த முடிவை அது எடுத்துத் தராது. கிளாஸுக்கு டேபிள், ஆப்ஜெக்டுக்கு ஒரு ரோ என்று பொருத்தி, இன்சர்ட்டும் அப்டேட்டும் எழுதும் வேலையை அது மிச்சப்படுத்தும். அது டேட்டாபேஸுக்கு அனுப்பும் எஸ்க்யூஎல் கட்டளைகளை லாகில் திறந்து படிப்பவருக்குத்தான் அந்த மிச்சம் நிலைக்கும்; படிக்காதவர் பின்னால் அதைவிட அதிக நேரம் செலவழிப்பார்.

எடை ஃபீல்டையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜாவாவில் பிக்டெசிமல் (துல்லியமான தசம எண் வகை) என்று அறிவித்துவிட்டு, டேபிளை ஹைபர்னேட்டே உருவாக்கட்டும் என்று விட்டால், புள்ளிக்குப் பின் 2 இலக்கம்தான் வைக்கும். தராசு 2.355 கிலோ காட்டுகிறது. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் எந்தப் பிழையும் சொல்லாமல் அதை 2.36 ஆக்கிச் சேமிக்கும். நினைவகத்தில் இருக்கும் ஆப்ஜெக்டிலோ இன்னும் 2.355தான். அதனால் உடனே அச்சாகும் சிட்டையில், கிலோ 740 வீதம், 1742.70 ரூபாய்; மாலையில் மறுபடி எடுத்துக் கணக்கிட்டால் 1746.40. இந்த 3.70 எங்கிருந்து வந்தது என்று குவெரியில் தேடினாலும் கிடைக்காது, கோடில் தேடினாலும் கிடைக்காது. எடைக்கு நியூமெரிக் 10, 3 (மொத்தம் 10 இலக்கம், அதில் புள்ளிக்குப் பின் 3) என்றும் தொகைக்கு நியூமெரிக் 12, 2 என்றும் கையால் எழுதுங்கள். தசமத்தைத் தோராயமாக வைக்கும் ஃப்ளோட் இரண்டுக்குமே ஆகாது. பைசாவை வரிக்கு வரி முழுமையாக்குவதா, கூட்டுத்தொகையிலா என்பதைக் கடைக்காரரிடம் கேட்டு, ஒரே இடத்தில் செய்து, வந்த தொகையைச் சேமித்துவிட வேண்டும். திரும்பத் திரும்பக் கணக்கிடக் கூடாது.

அடுத்தது எல்லோரும் மாட்டும் இடம். அன்றைய 300 சிட்டைகளைத் திரையில் காட்டி, பக்கத்தில் விவசாயி பெயர் போட வேண்டும். சிட்டைகளுக்கு ஒரு குவெரி, பெயருக்காகச் சிட்டைக்கு ஒன்று, ஆக 301. ஹைபர்னேட் ஒரே செஷனில் ஒரே விவசாயியை இரண்டாம் முறை கேட்காது. ஜாங்கோ அதையும் கேட்கும். டேட்டாபேஸ் அதே கணினியில் இருக்கும்வரை இது தெரியாது. கடைக் கணினியில் புரோகிராம், வெளியூர் சர்வரில் டேட்டாபேஸ் என்று வைத்து, ஒரு குவெரி போய்வர 20 மில்லிசெகண்ட் ஆனால், திரை வர 6 விநாடி. எதிரே பூக்கூடையோடு ஆள் நிற்கும்போது அது பெரிய நேரம். ஜாங்கோவில் செலக்ட் ரிலேட்டட், ஹைபர்னேட்டில் ஃபெட்ச் ஜாயின் போட்டால் ஒரே குவெரியில் முடியும். மேப்பிங்கில் ஈகர் (தொடர்புள்ளதையும் உடனே எடு) என்று வைத்தாலே போதும் என்று பலர் நம்புகிறார்கள். ஜேபிஏ என்பது ஹைபர்னேட் பின்பற்றும் ஜாவா தரம்; அதன் குவெரி மொழியான ஜேபிக்யூஎல்லில் ஃபெட்ச் ஜாயின் எழுதாவிட்டால் ஈகரும் தனித்தனி செலக்டாகத்தான் போகும். சிட்டையின் 12 வரிகளையும் 3 பட்டுவாடாக்களையும் ஒன்றாக ஜாயின் செய்தால் 36 ரோ வரும் என்பதையும் மறக்க வேண்டாம். அவற்றை இரண்டு குவெரியாகப் பிரிப்பதே நல்லது.

சிட்டையிலிருந்து விவசாயியைச் சுட்டும் ஃபீல்டு போன்ற ஃபாரின் கீக்கு, தேடலை விரைவாக்கும் இண்டெக்ஸை ஜாங்கோ தானே போடும். ஹைபர்னேட்டும் போஸ்ட்கிரெஸும் சேர்ந்தால் யாரும் போடமாட்டார்கள், நீங்கள்தான் போட வேண்டும்.

விவசாயியின் முன்பணத்தில் தவறு வந்தால் அது ஆளுக்கு ஆள் சண்டையாகும். இருப்பு 5000. இரண்டு கவுண்டரும் அதே நேரத்தில் எடுக்கிறார்கள். ஒன்றில் 2000 கழிகிறது, மற்றதில் 1000. பிந்திச் சேமித்தவர் 4000 என்று எழுதினால் 2000 பிடித்ததே மறைந்துபோகும். ஜேபிஏவில், ஒவ்வொரு மாற்றத்துக்கும் எண் கூடும் வெர்ஷன் ஃபீல்டு சேர்த்தால் பிந்திய அப்டேட் எந்த ரோவிலும் படாமல் பிழையாகத் திரும்பும், கவுண்டரில் மறுபடி எடுக்கச் சொல்லலாம். ஜாங்கோவில் எஃப் எக்ஸ்பிரஷன் வழியாக டேட்டாபேஸிலேயே கழிக்கலாம். இவற்றைவிட, இருப்பு என்ற ஒற்றை எண்ணை நம்பாமல், கொடுத்தது பிடித்தது ஒவ்வொன்றையும் தனி ரோவாக எழுதிக் கூட்டிக்கொள்வதே எங்களுக்குச் சரியாகப் படுகிறது. பேரேடு எழுதிப் பழகிய கடைக்காரருக்கும் அதுதான் புரியும்.

ஓடும் கடையில் ஸ்கீமாவை, அதாவது டேபிள் அமைப்பை, ஹைபர்னேட்டே மாற்றும் ‘அப்டேட்’ நிலையில் விடாதீர்கள். கிளாஸில் ஒரு ஃபீல்டின் பெயரை மாற்றினால் ஹைபர்னேட் அதைப் பெயர் மாற்றம் என்று அறியாது. காலியாகப் புது ஃபீல்டு ஒன்றைச் சேர்க்கும், பழைய தரவு பழைய ஃபீல்டிலேயே கிடக்கும். சரிபார்க்க மட்டும் செய்யும் ‘வேலிடேட்’ வைத்து, மாற்றங்களை ஃப்ளைவே (டேபிள் மாற்றங்களை வரிசையாக நிறைவேற்றும் கருவி) கோப்புகளாக எழுதுங்கள். விவசாயி வாரியாக மாதக் கூட்டுத்தொகை மாதிரியான அறிக்கைக்கு ஆயிரக்கணக்கான ஆப்ஜெக்டுகளை ஏற்ற வேண்டியதில்லை. குரூப் பை போட்ட நேரடி எஸ்க்யூஎல் போதும், அதில் கௌரவக் குறைவு ஒன்றுமில்லை.

இத்தனையும் செய்த பிறகும் யாராவது டெம்ப்ளேட்டில் ஒரு பெயரைச் சேர்த்ததும் 301 திரும்பி வரும். அதனால் குவெரி எண்ணிக்கைக்கே டெஸ்ட் எழுதுங்கள். ஜாங்கோவில் அசெர்ட் நம் குவெரீஸ் இருக்கிறது. ஹைபர்னேட்டில் ஸ்டாடிஸ்டிக்ஸை இயக்கி எண்ணலாம். வெவ்வேறு விவசாயிகளின் 3 சிட்டை வைத்து ஒரு முறை, 30 வைத்து ஒரு முறை ஓட்டுங்கள். இரண்டு எண்ணிக்கையும் ஒன்றாக இல்லாவிட்டால் அந்தக் கோடு கடைக்குப் போகக் கூடாது.