90 நாள் என்று எண்ணியிருந்தோம், 30தான் இருந்தது: கலிஃபோர்னியாவில் லீன் பதிந்த அனுபவம்

சப்-கான்ட்ராக்டருக்கு மெக்கானிக்ஸ் லீன் (வேலைக்கான பணம் வராவிட்டால் அந்தச் சொத்தின்மேல் பதியும் உரிமை) பதிய, வேலை முடிந்ததிலிருந்து 90 நாள் என்பார்கள். ஓனர் நோட்டீஸ் ஆஃப் கம்ப்ளீஷன் (வேலை முடிந்தது என்ற அறிவிப்பு) பதிந்துவிட்டால் அந்தக் கணக்கே மாறிவிடும். பதிந்த நாளிலிருந்து சப்புக்கும் சரக்கு கொடுத்தவருக்கும் 30 நாள், மெயின் கான்ட்ராக்டருக்கு 60. எங்கள் வயரிங் வேலையில் அந்த நோட்டீஸின் நகல் கைக்கு வரும்போதே 9 நாள் போய்விட்டது. ஓனர் 10 நாளுக்குள் அனுப்பினால் போதும் என்பதால் சண்டைக்கும் வழியில்லை. அனுப்பாமலே விட்டிருந்தால் அந்த நோட்டீஸ் நம் கெடுவைக் குறைக்காது. ஆனால் ஓனரே குடியிருக்கும் சின்ன வீடென்றால் (நான்கு யூனிட் வரை) நகல் அனுப்பும் கட்டாயமே இல்லை. சொத்து ஆவணங்களைப் பதியும் ரெக்கார்டர் ஆபீஸின் பதிவுகளை நாமேதான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

ப்ரிலிமினரி நோட்டீஸை (இந்த வேலையில் நாங்களும் இருக்கிறோம் என்ற முன்னறிவிப்பு) வேலை தொடங்கிய முதல் வாரமே ஓனர், மெயின் கான்ட்ராக்டர், கட்டுமானக் கடன் கொடுத்தவர் மூவருக்கும் அனுப்பியிருந்தோம். வேலை தொடங்கி 20 நாள் தாண்டி அனுப்பினால், அனுப்பிய தேதிக்கு முந்தைய 20 நாள் வேலையும் அதற்குப் பிந்தையதும்தான் லீனில் தேறும்.

லீன் பதியப் போன ரெக்கார்டர் ஆபீஸ் கவுண்டரில்தான் கடுப்பு. நோட்டரி முத்திரை இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். ஒரு நாள் வீண். மறுநாள் சிவில் கோட் 8416-ஐ அச்செடுத்துக் கொண்டுபோய் நீட்டினோம்: உண்மை என்று உறுதிமொழி எழுதிக் கையெழுத்திட்டால் போதும், நோட்டரி வேண்டாம் என்று அதிலேயே இருக்கிறது. மேலதிகாரி படித்துவிட்டு, பேசாமல் வாங்கிக்கொண்டார். 27-ஆம் நாள்!

கவுண்டரில் இருப்பவர்கள் கண்ணில் படாமல் போகக்கூடியது வேறு. லீன் படிவத்தையும், தடித்த எழுத்தில் அச்சிட வேண்டிய எச்சரிக்கை வாசகத்தையும் முதலில் ஓனருக்குச் சர்டிஃபைடு மெயில் போன்ற அத்தாட்சியுள்ள தபாலில் அனுப்பி, அனுப்பியதற்கான உறுதிமொழியைப் படிவத்தோடு இணைக்க வேண்டும். ஓனருக்கு அனுப்பாமல் விட்டால், பதிந்தாலும் லீன் செல்லாது. தொகையில் கைக்கு வந்த பணத்தைக் கழித்துவிடுங்கள். வேண்டுமென்றே ஏற்றிப் போட்டது தெரிந்தால் மொத்த லீனும் போகலாம். லைசென்ஸ் தேவைப்படும் வேலையை அது இல்லாமல் செய்தவருக்கு இந்த வழியே கிடையாது.

பதிந்ததோடு ஓய முடியாது. 90 நாளுக்குள் வழக்குப் போட வேண்டும், போட்ட 20 நாளுக்குள் லிஸ் பெண்டன்ஸ் (சொத்தின்மேல் வழக்கு இருக்கிறது என்ற அறிவிப்பு) பதிய வேண்டும். "அடுத்த மாசம் செக் வரும்" என்று ஓனர் தரப்பு சொல்வதால் ஒரு நாள்கூட நீளாது. பணம் கட்டக் கூடுதல் அவகாசம் தர இருவரும் ஒப்புக்கொண்டு, அந்தக் கடன் நீட்டிப்பைப் பதிந்தால் மட்டுமே நீளும்.