தயோ கின்பூன் முடியைக் கழுவும், வளர்க்காது

சித்திரைப் புத்தாண்டும் பர்மியப் புத்தாண்டும் அடுத்தடுத்து வருவதால், ஏப்ரல் நடுவில் ரங்கூன் சந்தைகளில் பிளாஸ்டிக் பைகளில் கட்டிய பழுப்புத் தண்ணீரை நிறையவே பார்க்கலாம். அதுதான் தயோ கின்பூன். பழைய ஆண்டின் பீடையைத் தலையோடு கழுவிவிட்டுப் புது ஆண்டுக்குள் போவது பர்மியர் வழக்கம். பெரியவர்களுக்குத் தலை கழுவிவிடுவது புண்ணியம். கின்பூன் என்பது நம்முடைய சீயக்காய்தான். தயோ ஒரு மரப்பட்டை, ஊறினால் வெண்டைக்காய்போல வழவழக்கும்.

இதைத் தேய்த்தால் மெலிந்த முடி அடர்த்தியாகத் தெரியும், உண்மை. முடி அடர்த்தியாக வளருமா என்றால் வளராது. வெளியே தெரியும் முடி உயிரில்லாத நார். வளர்வது தோலுக்குள் இருக்கும் வேர். நாரைக் கவனிப்பது ஒரு வேலை, வேரைக் கவனிப்பது வேறு வேலை. இரண்டையும் ஒரே எண்ணெய்ப் புட்டியில் எதிர்பார்ப்பதால்தான் காசு கரைகிறது.

முதலில் நார். காய்ந்த சீயக்காய் ஐந்து கியாத்தா, அதாவது ஏறக்குறைய 80 கிராம் வாங்கினால் இரண்டு மூன்று முறைக்கு வரும். தோள்வரை முடிக்குப் பத்துப் பன்னிரண்டு காய் போதும். விதையை எடுத்துவிட்டு, ஒன்றேகால் லிட்டர் தண்ணீரில் இரவு ஊறவைத்து, காலையில் சிறு தீயில் இருபது நிமிடம் காய்ச்ச வேண்டும். எவர்சில்வர் பாத்திரமே நல்லது. இரும்புச் சட்டியில் காய்ச்சினால் காயின் துவர்ப்பு இரும்போடு சேர்ந்து கறுத்துவிடும். இறக்கியதும் ஒரு பிடி தயோப் பட்டையைப் போட்டு, கை பொறுக்கும் சூட்டில் நன்றாகப் பிசைய வேண்டும். பிறகு மெல்லிய துணியில் இரண்டு முறை வடிகட்டுங்கள். ஒருமுறையோடு விட்டால் பட்டைத் தூள் தலையில் தங்கும், பார்க்கிறவர் பொடுகு என்பார். குளிர்பெட்டியில் இரண்டு நாள் தாங்கும். புளித்த வாடை வந்தால் கொட்டிவிடுங்கள். கண்ணில் பட்டால் சீயக்காய் எரியும், அதனால் தலையைப் பின்னால் சாய்த்துக் கழுவுங்கள். எலுமிச்சை பிழிவது சிலர் வழக்கம். சொறிந்து புண்ணான தலையில் அது வேண்டாம்.

தேங்காயெண்ணெய் முடிக்குள் ஊடுருவி, கழுவும்போது புரதம் வெளியேறுவதைக் குறைக்கும். முடி உடைவது குறைவதால் நுனி மெலியாது. அதற்கு ஒரு மேசைக்கரண்டி எண்ணெயும் ஒரு மணி நேரமும் போதும், ராத்திரி முழுக்க ஊற வேண்டியதில்லை. பொடுகு உள்ளவர் உச்சந்தலையில் தேய்க்காமல் முடி நீளத்தில் மட்டும் தடவுவது நல்லது. பொடுகுக்குக் காரணமான பூஞ்சைக்கு எண்ணெய்க் கொழுப்பே தீனி. இரண்டு சதவீதக் கீட்டோகொனசோல் ஷாம்பூவை வாரம் இருமுறை போட்டு, ஐந்து நிமிடம் விட்டுக் கழுவினால் அது அடங்கும்.

வெட்டும் முக்கியம். நுனி நேராக, தோளுக்கு மேல் வெட்டினால் அடர்த்தி தெரியும். அடுக்கடுக்காக வெட்டினால் மெலிந்த முடி இன்னும் மெலிந்து தெரியும். வகிட்டை ஒரே இடத்தில் எடுக்காமல் மாற்றி எடுங்கள். கண்டிஷனர் நுனிக்கு மட்டும்தான், வேரில் பட்டால் முடி படிந்துவிடும். மருதாணி நாரின் மேல் படிவதால் கைக்குத் தடிமனாகத் தெரியும். ஆனால் "கறுப்பு மருதாணி" என்று விற்பதில் பிபிடி என்னும் சாய ரசாயனம் கலந்திருக்கும். சிலருக்கு முகம் வீங்கிவிடும். காதுக்குப் பின்னால் ஒரு துளி வைத்து 48 மணி நேரம் பார்த்த பிறகே தலைக்குப் போடுங்கள்.

இனி வேர். ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி உதிர்வது இயல்பு. அதற்கு மேல் போனால், என்ன மாதிரிக் கொட்டல் என்று முதலில் பாருங்கள். காய்ச்சல், பிரசவம், அறுவை சிகிச்சை, பட்டினி டயட் இவற்றுக்குப் பிறகு வேர்கள் மொத்தமாக ஓய்வுக்குப் போகும். முடி கையோடு வருவது இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான். ஜூலை மழையில் டெங்கு வந்தவருக்குத் தீபாவளி நெருங்கும்போது சீப்பு நிறைய முடி வரும். அவர் அப்போது மாற்றிய ஷாம்பூவின் மேல் பழியைப் போடுவார். இந்தக் கொட்டல் பெரும்பாலும் ஆறு மாதத்தில் தானாகவே நிற்கும். அந்த ஆறு மாதத்தில் எந்த எண்ணெய் விற்றாலும் அதற்குப் பெயர் கிடைத்துவிடும்!

பெண்களுக்கு வகிடு அகலமாவதும், ஆண்களுக்கு நெற்றியோரமும் உச்சியும் தெரிவதும் வேறு விஷயம். பரம்பரையும் ஹார்மோனும் சேர்ந்து வேரைச் சிறிதாக்குகின்றன. அது தானாக நிற்காது. மருந்துக்கு முன்பு ரத்தத்தில் ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடலின் இரும்புச் சேமிப்பு), தைராய்டு மூன்றையும் பார்த்துவிடுங்கள். இரும்புச் சத்துக் குறைவு பெண்களிடம் மிகச் சாதாரணம். சோறு உண்டதும் கடையில் லபெயே, அதாவது பர்மியத் தேநீர், குடிப்பது அதற்குத் தோதாகிவிடுகிறது. தேயிலைத் துவர்ப்பு உணவின் இரும்பைப் பிடித்துக்கொள்ளும். தேநீரை ஒரு மணி நேரம் தள்ளிவையுங்கள், கீரையோடு எலுமிச்சை சேருங்கள். பயோட்டின் என்னும் வைட்டமின் மாத்திரை விழுங்குபவர் ரத்தப் பரிசோதனைக்கு முன்பே அதைச் சொல்லிவிடுங்கள். அது தைராய்டு முடிவைத் தவறாகக் காட்டிவிடும். பயோட்டின் குறைவில்லாதவருக்கு அதனால் பெரிய பலனும் கிடையாது.

பரம்பரைக் கொட்டலுக்கு நேரடியாகத் தடவும் மருந்துகளில் நன்கு நிரூபணமானது மினாக்சிடில். ரத்தக் கொதிப்பு மாத்திரையாகப் பிறந்து, 1988இல் அமெரிக்காவில் தலைமுடிக்கு அனுமதி பெற்றது. ஆண்களுக்கு ஐந்து சதவீதத் திரவம், ஒரு மில்லி வீதம் நாளைக்கு இரண்டு வேளை. பெண்களுக்கு இரண்டு சதவீதத் திரவம் இரண்டு வேளை, அல்லது ஐந்து சதவீத நுரை ஒரு வேளை. கர்ப்பிணிகளும் பாலூட்டுபவர்களும் தொடக்கூடாது. இதய நோயாளிகள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

பிழை நடப்பது தடவும் முறையில்தான். முடியில் பூசினால் வீண், வகிடு பிரித்துத் தோலில் படவேண்டும். தலை உலர்ந்திருக்க வேண்டும், நான்கு மணி நேரம் நனைக்கக்கூடாது. ரங்கூன் வெக்கையில் மின்சாரம் போய் விசிறி நின்றால் வியர்வையோடு மருந்தும் நெற்றிக்கு வழியும், பெண்களுக்கு முகத்தில் பூனைமுடி வளர அதுவும் ஒரு காரணம். படுக்கைக்கு இரண்டு மணி நேரம் முன்பே தடவி உலரவிடுங்கள். வீட்டில் பூனை இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். தலையணையையோ தலையையோ நக்கினால் அதன் உயிருக்கே ஆபத்து.

தொடங்கிய இரண்டு முதல் எட்டு வாரத்துக்குள் கொட்டல் கூடும். பழைய முடியைப் புதியது தள்ளும் நேரம் அது. நிறையப் பேர் பயந்து நிறுத்துவது இங்கேதான். பலன் தெரிய நான்கு மாதமாவது ஆகும், ஏனென்றால் முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். நிறுத்தினால் வந்ததெல்லாம் சில மாதத்தில் போய்விடும். மாதச் செலவைக் கணக்குப் பார்த்துவிட்டே தொடங்குங்கள்.

மொட்டையடித்தால் தடிமனாக வளரும் என்பதை மட்டும் விட்டுவிடலாம். வேண்டுதலுக்கு அடியுங்கள். வெட்டிய முடியின் முனை மழுங்கலாக இருப்பதால் முள்முள்ளாகத் தோன்றுகிறது, அவ்வளவே.

இறுகக் கட்டும் கொண்டையும் கனமான பூச்சரமும் நெற்றியோர முடியை வேரோடு இழுக்கும். வருடக்கணக்கில் இழுத்தால் அந்த இடத்தில் திரும்ப முளைக்காது. கல்யாணத்துக்குச் சவுரி வைப்பவர்கள், கனம் ஒரே இடத்தில் விழாதபடி பின்னலோடு சேர்த்துப் பின்னிக்கொள்ளுங்கள். தூங்கும் முன் கழற்றிவிடுங்கள். வட்டம் வட்டமாகச் சொட்டை விழுந்தாலோ, தோல் வழுவழுப்பாகி மயிர்க்கால் துளையே தெரியாமல் போனாலோ சவுரியும் சீயக்காயும் அப்புறம், முதலில் தோல் மருத்துவர். தழும்பு விழும் வகைக் கொட்டலில் காலம் கடந்தால் வேர் செத்துவிடும்.