தேங்காய் எண்ணெயில் கோதுமை டோர்ட்டியா

மெக்சிகோவின் மெல்லிய ரொட்டியான டோர்ட்டியாவுக்கு மாவு பிசைகையில், மைதாவில் தண்ணீர் விழுவதற்கு முன்பே கொழுப்பு சேர்ந்திருக்க வேண்டும். உப்பின் அளவும், தேய்க்கும் வட்டமும், கல்லின் சூடும் பழகப் பழகக் கைக்கு வந்துவிடும். இந்த வரிசை மாறினால் மட்டும், கல்லிலிருந்து எடுப்பது வெளுத்த சப்பாத்தியாகவே இருக்கும். குமரி மாவட்டத்துத் தக்கலைக் கடைகளில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டே இதை வீட்டில் செய்துவருகிறேன். ஆகவே நம் மாவட்டத்துச் சமையலறைக்குப் பொருந்தும் முறையைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

மெக்சிகோவின் நடுப்பகுதியிலும் தெற்கிலும் டோர்ட்டியா என்றால் பெரும்பாலும் மக்காச்சோளம்தான். சுண்ணாம்பு நீரில் வேகவைத்து ஊறிய சோளத்தை அரைத்து அதைச் செய்வார்கள். கோதுமையும் பன்றியும் மாடும் 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர்களோடு அங்கே வந்தவை. வறண்ட வடமேற்கில், குறிப்பாகச் சோனோரா மாநிலத்தில், கோதுமை நன்கு வேரூன்றியதால், மாவு, பன்றிக்கொழுப்பு, உப்பு, தண்ணீர் ஆகிய நான்கே சேர்ந்த டோர்ட்டியா அப்பகுதியின் அன்றாட உணவாயிற்று. அந்தச் சோனோராவுக்கும் நமக்கும் ஓர் உறவு உண்டு. வேளாண் விஞ்ஞானி நார்மன் போர்லாக் மெக்சிகோவில் உருவாக்கிய குட்டைக் கோதுமை ரகங்களான லெர்மா ரோஹோ 64, சோனோரா 64 ஆகியவற்றின் விதை 1966இல் 18,000 டன் அளவுக்கு இந்தியாவுக்கு இறக்குமதி செய்யப்பட்டது. சோனோரா 64இன் செந்நிற மணி நம் மக்களுக்குப் பிடிக்கவில்லை என்பதால், எம். எஸ். சுவாமிநாதன் முதலியோர் அதற்குக் கதிர்வீச்சு செலுத்தி, வெளிர்மஞ்சள் மணி தரும் ஷர்பதி சோனோரா என்ற ரகத்தை உருவாக்கினார்கள். நெல்லும் மரச்சீனியும் விளையும் நம் மண்ணுக்குக் கோதுமை எப்போதும் வெளியிலிருந்து வருவதுதான்; ஆனாலும் நாம் பிசையும் மாவின் வழிமரபில் சோனோராவும் கலந்திருப்பதை நினைக்கையில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி உண்டாகிறது.

இனிக் கொழுப்புக்கு வருகிறேன். மைதாவில் தண்ணீர் பட்டதும் அதிலுள்ள புரதங்கள் ஒன்றோடொன்று பிணைந்து, இழுத்தால் நீளும் பசைத்தன்மை உண்டாகிறது. பரோட்டாவுக்கு அந்தப் பிணைப்பு முழுமையாக வேண்டும். அதனால்தான் மாஸ்டர்கள் மாவை அவ்வளவு நேரம் அடித்துப் பிசைகிறார்கள். டோர்ட்டியாவுக்கோ அது பாதியளவு போதும். முதலில் கொழுப்பைச் சேர்த்து விரல் நுனிகளால் உதிர்த்துவிட்டால், அது மாவுத்துகள்களைச் சூழ்ந்துகொண்டு தண்ணீரைத் தடுத்து, பிணைப்பைக் கட்டுக்குள் வைக்கிறது. ஆறிய பிறகும் விள்ளாமல் மடிக்க முடிகிற மென்மை இதனால் வருவதே.

பன்றி இறைச்சி சமைக்கும் வீடுகள் இங்கே இருந்தாலும், உருக்கிய கொழுப்பு கடையில் எளிதில் கிடைப்பதில்லை. வனஸ்பதி நாக்கில் படிந்து நிற்கிறது. நெய்யின் மணமோ உள்ளே வைக்கும் கறியை மறைத்துவிடுகிறது. எனவே செக்கில் ஆட்டிய தேங்காய் எண்ணெயே என் தேர்வு. அது ஏறத்தாழ 24 டிகிரிக்குக் கீழே உறையும் என்பதால், நம் ஊர் வெப்பத்தில் ஆண்டின் பெரும்பகுதி நீராகவே இருக்கும். அளந்து எடுத்துக் குளிர்பெட்டியில் உறைய வைத்துக்கொள்ள வேண்டும். “எண்ணெய ஊத்திக் குழைச்சா போராதா?” என்று என் மைனி கேட்டார். ஊற்றினால் விழுந்த இடத்து மாவே அதை உறிஞ்சிக்கொள்ளும். உறைந்ததை உதிர்த்தால் எல்லா இடத்திலும் சமமாகப் பரவும். ஆனால் குளிர்பெட்டியிலிருந்து எடுத்த உடனே அது கல்லாக இருக்கும். விரலை அழுத்தினால் குழி விழும் வரை வெளியே வைத்து, அதன்பின் மாவில் சேர்ப்பதே சரி.

மைதா 300 கிராம், எண்ணெய் 50 கிராம், உப்பு 5 கிராம், வெதுவெதுப்பான தண்ணீர் 150 மில்லி என்பது என் அளவு. கொழுப்பு உதிர்த்த மாவைக் கைப்பிடியில் இறுக்கினால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலால் தட்டினால் பொலபொலவென உதிரவும் வேண்டும். அந்தப் பதம் வந்த பின்பே தண்ணீரைச் சிறிது சிறிதாக விட வேண்டும். நான்கைந்து நிமிடம் பிசைந்து, பத்து உருண்டைகளாக்கி, ஈரத்துணியால் மூடி அரைமணி நேரம் விட்டுவிடுங்கள். இந்த ஓய்வைக் குறைக்கவே கூடாது: அவசரப்பட்டுத் தேய்த்தால் வட்டம் பலகையிலேயே சுருங்கிப் பின்வாங்கும். பேக்கிங் பவுடர் சேர்ப்பது டெக்சாஸ் பக்கத்து வழக்கம். டோர்ட்டியா தடித்து உப்பும் என்பதால் எனக்கு அது உகந்ததாகத் தோன்றவில்லை. பலகையின் மரம் மாவின் ஊடே மங்கலாகத் தெரியும் அளவுக்கு மெல்லியதாகத் தேய்க்கிறேன்.

இரும்புத் தோசைக்கல்லை நன்கு காயவைத்து, எண்ணெய் தடவாமல் போட வேண்டும். சில நொடிகளில் சிறு கொப்புளங்கள் எழும். அரை நிமிடத்தில் திருப்பினால் அடியில் பழுப்புப் புள்ளிகள் தெரியும். மறுபக்கத்துக்கு அதைவிடக் குறைவான நேரமே போதும். கூடுதலாக விட்டால் அப்பளம் போல் முறுகிவிடும். எடுத்தவுடன் ஒன்றன்மேல் ஒன்றாகத் துணியில் பொதிந்து வையுங்கள், ஏனெனில் அந்த ஆவிதான் இறுதி மென்மையைத் தருகிறது.

சோனோராவில் கரியில் சுட்ட மாட்டிறைச்சியையும் பயறையும் இதில் வைத்து உண்கிறார்கள். தேங்காய்க் கொத்து போட்டு வறுத்த நம் மாட்டிறைச்சி இதற்கு வெகு பொருத்தம். நெத்திலித் துவரனும் அப்படியே. குழம்பு மட்டும் ஆகாது, ஊறிக் கிழிந்துவிடும். மீந்தவற்றைக் குளிர்பெட்டியில் வைத்தால் உள்ளிருக்கும் எண்ணெய் உறைந்து விறைத்துப்போகும். அதைக் கெட்டுவிட்டதாக எண்ணாமல், சூடான கல்லில் பக்கத்துக்குப் பத்து நொடி வாட்டினால் மடிக்கும் பதம் திரும்பிவிடும்.