இருட்டை அச்சிடுவது

இருட்டைக் கண்டு பயப்படும் குழந்தைகளுக்காக வரும் படக்கதைகளில் பெரும்பாலும் இருட்டே இருப்பதில்லை. வெளிர்நீல வானம், மஞ்சள் நிலா, சிரிக்கும் நட்சத்திரங்கள், நடுவில் முகம் பளிச்சென்று தெரியும் ஒரு சிறுமி. கதையில் கும்மிருட்டு என்று எழுதியிருக்கும். படமோ சாயங்காலம் ஆறு மணியைத் தாண்டியிருக்காது. சிறுவர் புத்தகங்களுக்குப் பக்கம் வடிவமைப்பது என் வேலை. இந்த வேலையில் நான் அதிகம் வாதாடியது இந்த ஒரு விஷயத்துக்காகத்தான்: இருட்டைப் பற்றிய புத்தகத்தில் இருட்டு இருக்க வேண்டும்.

பதிப்பாளர்கள் தயங்குவதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. அடர்ந்த கறுப்புப் பக்கம் அச்சகத்தில் நிறையத் தொல்லை கொடுக்கும். கறுப்பு மையை மட்டும் நூறு சதவீதம் போட்டால், வழவழப்பான ஆர்ட் பேப்பரில் அது தேய்ந்துபோன கரும்பலகை மாதிரி வெளிறி விழும். ஆழம் வேண்டுமென்றால் அடியில் சியான் என்ற நீல மையும் கொஞ்சம் மெஜந்தா என்ற இளஞ்சிவப்பு மையும் கொடுக்க வேண்டும். அதற்காக சியான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மையையும் முழுதாக, ஒவ்வொன்றும் நூறு சதவீதம், ஏற்றிவிடவும் முடியாது. எல்லாம் சேர்ந்தால் 400 சதவீதம். நல்ல ஆர்ட் பேப்பரே சுமார் 300 வரைதான் தாங்கும். மீறினால் மை காயாமல் மேலே அடுக்கிய தாளின் முதுகில் ஒட்டிக்கொள்ளும். மடிக்கும் இடத்தில் மை வெடித்து வெள்ளைக் கோடு தெரியும். "இவ்வளவு மை போட்டா ரெண்டு நாளானாலும் காயாதுங்க மேடம்" என்று மெஷினில் நிற்கும் அண்ணன் சொன்னால் அது சாக்கு அல்ல, அனுபவம்.

தமிழில் இன்னொரு சிக்கலும் உண்டு. கறுப்புப் பின்னணியில் எழுத்து வெள்ளையாக வர வேண்டும். நான்கு மைகளில் ஒன்று மயிரிழை நகர்ந்தாலும் முதலில் அடைபடுவது மெய்யெழுத்தின் புள்ளிதான். புள்ளி போய்விட்டால் எழுத்துக்கூட்டிப் படிக்கும் ஆறு வயதுக் குழந்தை அந்த வரியிலேயே தடுமாறி நின்றுவிடும். அதனால் எழுத்தைச் சுற்றி மற்ற மைகளைக் கொஞ்சம் விலக்கி, கறுப்பு மட்டும் விளிம்பைத் தொடும்படி செய்வோம். எழுத்தையும் ஒரு சுற்றுத் தடிமனாக்குவோம்.

இத்தனை பாடு எதற்கு என்றால், படப்புத்தகத்தில் இருட்டு குழந்தையின் கையில் இருக்கிறது. வீட்டில் விளக்கை அணைப்பது பெரியவர்கள். கரன்ட் போவதும் யாரையும் கேட்டு அல்ல. புத்தகத்தில் மட்டும்தான் இருட்டான பக்கத்தைத் திறப்பதும், பிடிக்கவில்லையென்றால் மூடுவதும், தைரியம் வந்ததும் மறுபடி திறப்பதும் குழந்தையின் இஷ்டம். வாசிப்பு நிகழ்ச்சிகளில் பார்த்திருக்கிறேன்: கறுப்புப் பக்கம் வருவதற்கு முன்னால் சில குழந்தைகள் பக்கத்தின் மூலையைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார்கள். படிப்பவர் அவசரப்படாமல் இருந்தால் அவர்களாகவே திருப்புவார்கள். பக்கம் முழுக்க வெளிச்சமாக இருந்தால் இந்தப் பழக்கத்துக்கு அங்கே வாய்ப்பே இல்லை.

"ரொம்பக் கறுப்பா இருக்கே, அம்மாக்கள் வாங்க மாட்டாங்க" என்று இருட்டைப் பற்றிய எங்கள் புத்தகம் ஒன்றைப் பார்த்து எங்கள் பதிப்பாசிரியர் அக்கா சொன்னபோது நான் எடுத்துக் காட்டியவை இரண்டு. ஒன்று 1947இல் அமெரிக்காவில் வந்த 'குட்நைட் மூன்'. அதில் ஓவியர் கிளெமென்ட் ஹர்ட் ஒரே அறையைத் திரும்பத் திரும்ப வரைந்து, வரவர இருட்டாக்கிக்கொண்டே போகிறார். எத்தனையோ தலைமுறைக் குழந்தைகள் அதைக் கேட்டபடி தூங்கிவிட்டார்கள். இன்னொன்று நம் சென்னையிலேயே தாரா புக்ஸ் 2006இல் வெளியிட்ட 'தி நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்'. பஜ்ஜு ஷியாம், துர்கா பாய், ராம் சிங் உர்வேதி என்ற மூன்று கோண்டு ஓவியர்களின் மரங்கள், கறுப்புத் தாளில் கையால் ஸ்கிரீன் பிரின்ட், அதாவது வலைத்துணி வழியாக மையை அழுத்தி அச்சிடும் முறையில், செய்யப்பட்டவை. நாங்கள் வழக்கமாக அச்சிடும் ஆஃப்செட் முறையின் மை ஒளி ஊடுருவும் மை, கறுப்புத் தாளில் அது தெரியாது. ஸ்கிரீன் மை கெட்டியாக மேலே உட்காரும். அந்தப் புத்தகத்தில் இருட்டை யாரும் அச்சிடவில்லை. அது தாளாக முன்பே இருக்கிறது, வெளிச்சத்தைத்தான் அச்சிட்டிருக்கிறார்கள். அது குழந்தைகளின் பயத்தைப் பற்றிய புத்தகம் அல்ல. ஆனாலும் இரவில்தான் சில விஷயங்கள் தெரியவரும் என்று அந்தப் பக்கங்களைப் பார்த்த பிறகு எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அப்புறம் எங்கள் புத்தகத்தின் ஓவியரோடு உட்கார்ந்து யோசித்தோம். கதாநாயகிக்குச் சிவப்புப் பாவாடை. இருட்டுப் பக்கத்திலும் அதை அப்படியே சிவப்பாக வரைந்திருந்தார். உண்மையில் வெளிச்சம் குறையும்போது முதலில் கறுத்துப் போவது சிவப்புதான். நீலமும் பச்சையும் இன்னும் கொஞ்ச நேரம் வெளிறித் தெரியும். செக் நாட்டு அறிவியலாளர் பூர்கின்யே 19ஆம் நூற்றாண்டிலேயே கவனித்துச் சொன்னது இது. மங்கலான ஒளியில் பார்க்க உதவும் கண்ணின் செல்கள் நிறத்தைப் பிரித்தறியாது. அவை முழுதாகப் பழக இருபது முப்பது நிமிடம் பிடிக்கும். இதை அப்படியே பக்கங்களின் வரிசையாக்கினோம். விளக்கு அணைந்த பக்கத்தில் ஒன்றுமே இல்லை. அடுத்ததில் ஜன்னலின் ஓரம் மட்டும். அதற்கடுத்து அலமாரி, தண்ணீர்க் குடம், புரண்டு படுக்கும் பாட்டி. யாரும் விளக்குப் போடவில்லை, கண் பழகிவிட்டது. ஒரு குழந்தை இன்று ராத்திரியே தன் வீட்டில் இதைச் செய்து பார்க்கலாம். பயப்படாதே என்று நூறு தடவை சொல்வதைவிட இது எவ்வளவோ மேல்.

பூச்சாண்டியை வரைந்து, கடைசியில் அது கொடியில் காயும் துண்டு என்று காட்டும் கதைகள் எங்களுக்கு நிறைய வரும். எனக்கு அவற்றில் உடன்பாடு இல்லை. மூன்று வயதுக் குழந்தைக்கு விளக்கம் மறந்துவிடும், படம் மறக்காது. அதுவரை இல்லாத ஓர் உருவத்தை நாமே கொடுத்து அனுப்புவானேன்?

விடிந்துவிட்டதாக முடிக்கும் கதைகளையும் நான் ஏற்பதில்லை. புத்தகத்தை மூடும்போது குழந்தைக்கு மணி ஒன்பது. முழு ராத்திரியும் பாக்கி இருக்கிறது. மார்ட்டின் வாடெல் எழுதி பார்பரா ஃபர்த் வரைந்த 'கான்ட் யூ ஸ்லீப், லிட்டில் பேர்?' (1988) இதை அழகாகக் கையாள்கிறது. பெரிய கரடி ஒன்றைவிட ஒன்று பெரிதாக விளக்குகள் கொண்டுவந்து வைத்தும் குட்டிக்குப் பயம் போவதில்லை. கடைசியில் அதை வெளியே அழைத்துப்போய் நிலவையும் நட்சத்திரங்களையும் காட்டுகிறது. கதை இரவிலேயே முடிகிறது.

அந்த மாதிரி புத்தகங்களில் குழந்தைக்குத் தனியாகப் படுக்கும் இடம் இருக்கும், இருட்டு அங்கேதான் வரும். நம் வீடுகளில் பெரும்பாலும் அப்பா, அம்மா, தம்பி, பாட்டி எல்லோரும் ஒரே அறையில் படுக்கிறோம். படுக்கையில் நம் பிள்ளைகளுக்கு அவ்வளவு பயம் இல்லை. மொட்டைமாடிப் படிக்கட்டு, கிணற்றடி, ராத்திரி கொல்லைக்குப் போவது, இவைதான் பயம். இப்போது என் மேசையில் இருப்பது அப்படி ஒரு கதை. கொல்லையின் கோடியில் இருக்கும் கழிப்பறைக்குப் போகப் பயப்படும் ஒரு பெண், வாசற்படி வரை வந்து நிற்கும் தாத்தா. முதல் பிரதியில் அவள் கடைசியில் டார்ச்சை வீசிவிட்டுத் தைரியமாக நடந்தாள். பாம்பும் தேளும் ஊரும் கொல்லையில் டார்ச் எடுத்துப் போவது பயந்தாங்கொள்ளித்தனம் அல்ல, அது எங்கள் ஊரில் பெரியவர்களும் செய்வதுதான் என்று எழுத்தாளரிடம் சொன்னேன். அவரும் கிராமத்துக்காரர், உடனே ஒப்புக்கொண்டார். இப்போது டார்ச் கடைசிப் பக்கம் வரை அவள் கையில் இருக்கிறது. துணைக்கு வா என்று தம்பி கூப்பிட்டால், தாத்தாவை எழுப்பாமல் அவளே கூட்டிக்கொண்டு போகிறாள்.